நாவலம்பாக்கத்தின் சென்டர் ஃபார்வர்டு

இரவு ஷிஃப்ட் முடித்த வசந்த்குமாரைக் கம்பெனி பஸ் காலை எட்டரை மணிக்கு நாவலம்பாக்கம் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனது. ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிற வேலை அவனுக்கு. அந்த நேரத்தில் எதைப் பார்த்தாலும் பாதிதான் கண்ணில் விழும். ஆனால் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாகக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் முழுசாகவே விழுந்தது.

‘ஊராட்சிக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் களம் காணும் எங்கள் நாவலம்பாக்கத்துச் சிங்கங்கள்’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே பதினாறு முகங்கள். நடுவில், மற்ற முகங்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஓர் ஆப்பிரிக்க இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். ‘சர்வதேச வீரர் மூசா’ என்று மஞ்சள் எழுத்து. ஓரத்தில் கைகூப்பியபடி ஊர்ப் பெரியவர் பஞ்சாட்சரம்.

வசந்த் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். அவன் முகம் இல்லை. அது போகட்டும் என்றால், காலனிக்காரன் ஒருத்தன் முகம்கூட இல்லை.

நாவலம்பாக்கத்தில் கால்பந்து என்பதே காலனியின் ஆட்டம். ஐம்பது வருஷத்துக்கு முன் சர்ச்சுக்கு வந்த ஒரு சாமியார் பந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து ஏரிப் புறம்போக்கில் காலனி ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வசந்தின் அப்பா இருசப்பன் வெறுங்காலோடு ஃபுல் பேக் ஆடியவர். வசந்த் தலைமையில் ‘விடிவெள்ளி’ டீம் மதுராந்தகம் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கி வந்திருக்கிறது. ஊர்த் தெருப் பையன்களுக்குக் கிரிக்கெட்தான். கால்பந்தை அவர்கள் ‘காலனி ஆட்டம்’ என்றுதான் சொல்வார்கள்.

இந்த வருஷம் ஓர் அறக்கட்டளை ஊராட்சிக் கோப்பை என்று ஒன்றை அறிவித்தது. ஜெயிக்கிற ஊருக்கு ஆளுயரக் கோப்பை, கூடவே புல் போட்ட மைதானம். மறுநாளே ஊர்த் தெருவுக்குக் கால்பந்து பிடித்துப்போனது. பஞ்சாட்சரத்தின் தம்பி மகன் அரவிந்தன், வசந்தோடு பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், காலனிக்கே வந்து கூப்பிட்டான். “எல்லாரும் சேந்து ஒரு செலக்‌ஷன் வைப்போம். நல்லா ஆடறவன் டீம்ல கீறான், அவ்ளோதான்.”

செலக்‌ஷன் நடந்தது. காலனியிலிருந்து ஆறு பேர் போனார்கள். வசந்த் மூன்று கோல் அடித்தான். அதில் ஒன்று அரவிந்தனின் இரண்டு காலுக்கும் நடுவே போனது. அரவிந்தன் கோபப்படவில்லை. ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, “மச்சான், நீதான்டா நாவலம்பாக்கத்து சென்டர் ஃபார்வர்டு” என்றான். பதினைந்து நாள் முன்பு நடந்தது அது.

வசந்த் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பையோடு நேராக ஏரிப்பக்கம் நடந்தான். அரவிந்தன் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா பேனர் அது?”

அரவிந்தன் நிமிரவில்லை. “பிரிண்டிங்ல கொஞ்சம் அவசரம் மச்சான்.”

“அந்த அவசரத்துல பதினாறு மூஞ்சி வந்துச்சே. எங்க ஆறு பேரு மூஞ்சிக்குத்தான் எடமில்லையா?”

சுண்ணாம்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அரவிந்தன் கையைத் தட்டிக்கொண்டான். “பெரியப்பா ஒத்துக்கல. ஜெர்சிய அம்மன் கோயில்ல வெச்சுப் பூஜ போட்டுத்தான் வாங்கணுமாம். ஜெயிச்சா தேர் ஓடற தெருல ஊர்கோலம். அப்புறம் எங்க வூட்ல எல்லாருக்கும் சாப்பாடு. நீங்களும் வந்தா பேஜாராப் பூடும்ன்றாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

“அந்த ஆப்பிரிக்காக்காரரு தெருல வந்தா பேஜார் ஆவாதா?”

“அவரு கெஸ்ட் பிளேயர். ஒரு டீமுக்கு வெளியாளு ஒருத்தர் வரலாம்னு ரூல் கீது. என் மச்சான் வேல பாக்கற காலேஜ்ல படிக்கறாரு. நீ டிவில பாக்கறதில்ல? ஐரோப்பா டீமுங்கள்ல பாதி பேரு கறுப்புதான். அவங்க வந்தப்புறம்தான் கப்பு கப்பா அடிக்கறானுங்க. அந்த ஸ்பீடு அவங்க ரத்தத்துலயே கீது மச்சான். நமக்கு அந்த ஒடம்பு இல்ல.”

வசந்த் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான்.

“டேய், அவங்க எல்லாம் அந்த நாட்லயே பொறந்தவங்கடா. அந்த ஊரு ஓரத்துத் தெருல வளந்து, அங்கியே ஆடக் கத்துக்கினவங்க. அந்தத் தெருலேர்ந்து இட்டுக்கினு போயி நாட்டுச் சட்டய மாட்டி வுடறான். நீ இன்னா பண்ற? உன் ஊரு ஓரத்துல கீறவன வுட்டுட்டு எங்கிருந்தோ ஒருத்தர வாடகைக்கு இட்டுக்கினு வர!”

“நான் வேணாம்னு சொல்லல மச்சான்…”

“வேணும்னும் சொல்லலியேடா நீ.”

அன்று மதியம் அவன் தூங்கவில்லை. மனைவி ஷாரோன் சாலவாக்கத்தில் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். போட்டி விதிகளை ஃபோனில் இறக்கிப் படித்துக் காட்டினாள். “காலனி டீம் தனியா சேரக்கூடாதுன்னு எங்கியும் போடல. போய்க் கேளுங்க.”

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறைதான் போட்டி அலுவலகம். பொறுப்பாளர் முனிரத்தினம் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார்.

“ஒரு ஊராட்சிக்கு ஒரு டீம்தாம்பா. நாவலம்பாக்கம் எண்ட்ரி ஆயிடுச்சே.”

“அதுல நாங்க இல்ல சார்.”

“நீங்க நாவலம்பாக்கம்தான?”

“ஆமா சார்.”

“அப்ப கீறீங்களே!” என்றார் அவர், கணக்குச் சரியாக வந்துவிட்ட நிம்மதியோடு.

வசந்த் படியிறங்கி வந்து வண்டியை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். கீழே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கால் வலிக்கும்வரை உதைத்த பிறகுதான் சாவியைத் திருகவில்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் அரவிந்தன் ஃபோன் செய்தான். மூசா வந்து இறங்கிவிட்டாராம். போட்டிக்கு முன்னால் டீமுக்கு ஒரு பிராக்டிஸ் மேட்ச் வேண்டுமாம். விடிவெள்ளி வந்து எதிரே ஆடிக்கொடுக்க முடியுமா?

“அவங்க ஒதச்சுப் பழவறதுக்கு நீங்க இன்னா சுவரா?” என்று ஷாரோன் பொரிந்தாள்.

“இல்ல. ஆடிக் காட்டணும். ஒரே ஒரு தபா ஆடிக் காட்டணும்” என்றான் வசந்த்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரை நெடுக ஜனம் நின்றது. மூசா வேனிலிருந்து இறங்கியதும் பட்டாசு வெடித்தார்கள். ஆறடி மூன்று அங்குலம் இருப்பான். சின்னப் பிள்ளைகள் அவன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தன. பெரியவர்கள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் அவன் தொடையைத் தட்டிப் பார்த்து, “பாரு, இரும்பு மாரி கீது!” என்றார், மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல. மூசா சிரித்தபடியே நின்றான். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை என்பதை வசந்த் கவனித்தான்.

ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் மூசாவுக்கு ஒரு பந்து போனது. சும்மா உருண்டு வந்த பந்து. அவன் காலை நீட்டினான். அது காலுக்கடியில் நழுவிப் போய்விட்டது. அடுத்த பந்தை உதைக்கப் போய் மண்ணை உதைத்து விழுந்தான். விடிவெள்ளி கோல்கீப்பர் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டான்.

“ஆட்டத்த ஒளிச்சு வெச்சுக்கினு கீறார்யா. மேட்சுலதான் காட்டுவாரு” என்று கரையில் ஒரு குரல் விளக்கம் சொன்னது. கூட்டம் அதை ஒப்புக்கொண்டு கைதட்டியது.

விடிவெள்ளி ஐந்து கோல் போட்டது. நான்கு வசந்துடையது. ஐந்தாவது கோலுக்குக் கரையில் யாரும் கைதட்டவில்லை. வசந்துக்கு அது பிடித்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் புதுப் பந்து விடிவெள்ளி ஆட்களிடமே தங்கிவிட்டது. பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி அரவிந்தன் ஃபோன் செய்தான். வசந்த் பந்தோடு பஞ்சாட்சரம் வீட்டு கேட் முன்னால் போய் நின்றான். முன்கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் தலைவாழை இலை போட்டு மூசாவை உட்காரவைத்திருந்தார்கள். பஞ்சாட்சரமே நின்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர் ஃபோனில் படம் எடுத்தார்கள்.

வசந்தின் அப்பா இருசப்பன் முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்து நிலத்தில்தான் வேலை செய்கிறார். அறுப்புக் காலத்தில் சாப்பாடு போடுவார்கள், பின்பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரமாக. இந்த கேட்டுக்கு உள்ளே முன்பக்கமாக அவர் கால் வைத்ததில்லை. கூடத்துத் தரை என்ன நிறம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஏழு கடல் தாண்டி வந்த ஒருவன், எந்த நாடு என்றே தெரியாதவன், சாமி வேறு, பாஷை வேறு, அவனுக்கு அந்தத் தரையில் இலை. அவன்மேல் வசந்துக்குக் கோபமில்லை. நன்றாகச் சாப்பிடட்டும்.

பஞ்சாட்சரம் திரும்பிப் பார்த்தார். “யாரு, இருசப்பன் பையனா? பந்த அங்கியே வெச்சுட்டுப் போ.”

வைத்துவிட்டுத்தான் வந்தான். கேட்டைத் தாண்டி வீசியிருக்கலாம், ஓங்கி உதைத்து அந்தப் பாயசத்தில் விழச் செய்திருக்கலாம் என்பதெல்லாம் தெரு முனைக்கு வந்த பிறகு தோன்றியது. குனிந்து பந்தை வைத்த தன் முதுகைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

பம்ப் செட் தொட்டியில் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். மூசா தனியாக வந்திருந்தான். வசந்துக்குக் கம்பெனி ஆங்கிலம் உண்டு. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

“நீங்கள் பிரமாதமாக ஆடினீர்கள். எந்த ஊர் டீம்?”

“இதே ஊர்.”

“இதே ஊரா? அப்படியென்றால் ஏன் எதிர்ப்பக்கம் ஆடினீர்கள்?”

இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று வசந்த் யோசித்தான். தெருவைக் காட்டினான், பிறகு வயலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த காலனியைக் காட்டினான். அவர்கள் இங்கே, நாங்கள் அங்கே என்றான். மூசா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

“என் பேர் மூசா இல்லை. மூசோண்டா. ஜாம்பியாக்காரன். பார்மசி மூன்றாம் வருஷம். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஃபுட்பால் ஆடத் தெரியாது.”

“பார்த்தேன்.”

“சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். பந்தைத் தொட்டது பத்து வயசில். எங்கள் நாட்டு டீமில் பந்து பொறுக்கிப் போடக்கூட என்னைச் சேர்க்கமாட்டார்கள். இவர்களிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். ‘ரொம்ப அடக்கமான ஆள்’ என்று சிரித்தார்கள். அரவிந்தனின் மச்சான் எங்கள் காலேஜ் ஆபீசில் இருக்கிறார். என் விசாவைப் புதுப்பிக்க வேண்டிய கடிதம் அவர் மேஜையில் இருக்கிறது. எப்படி முடியாது என்பது?”

வசந்த் சிரித்துவிட்டான். வயிறு வலிக்கச் சிரித்தான். மூசோண்டாவும் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது வசந்துக்கு விஷயம் முழுசாக உறைத்தது. ஆட்டம் தெரியாத ஒருவனை அவன் தோலைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டம் தெரிந்த ஆறு பேரை அவர்கள் தெருவைப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்குப் பேர் செலக்‌ஷன். அத்தனை நாளும் வராத கோபம் அப்போது வந்தது. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் மைதானத்தில் நாவலம்பாக்கத்துக்கு முதல் ஆட்டம் புள்ளலூரோடு. காலையில் கோயிலில் மாலை போட்டு, மேளம் கொட்டி மூசோண்டாவை அழைத்து வந்திருந்தார்கள். மைக்கில் “ஆப்பிரிக்கச் சிறுத்தை மூசா!” என்று அலறினார்கள். விடிவெள்ளி ஆட்கள் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஷாரோனும் வந்திருந்தாள்.

அரை மணி நேரத்தில் மூன்று கோல் விழுந்தது. மூன்றும் நாவலம்பாக்கத்துக்குள்ளே. மூசோண்டா நேருக்கு நேர் கிடைத்த பந்தைக் கோலுக்கு நாலு ஆள் உயரத்தில் அனுப்பினான். அதோடு சொந்த ஊர்க் கூட்டம் மாறிப்போனது. காலையில் மாலை போட்ட அதே பக்கத்திலிருந்து, “டேய் கருங்கொரங்கே! இதுக்கா உனக்குப் பாயசம் ஊத்துனோம்?” என்று ஒருத்தன் கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் குரங்கு மாதிரி ஓசை எழுப்பினார்கள். பஞ்சாட்சரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘சும்மா இருங்கடா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்த்தை புரியாவிட்டாலும் ஓசை மூசோண்டாவுக்குப் புரிந்தது. அவன் நடு மைதானத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான்.

ஹாஃப் டைமில் அரவிந்தன் வேப்பமரத்தடிக்கு ஓடிவந்தான். வியர்வை சொட்ட, கையில் ஒரு ஜெர்சி.

“மச்சான், வா. சீக்கிரம். இத மாட்டிக்க.”

“யாரு ஜெர்சி இது?”

“வினோத்குமாருது. அவனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. லிஸ்ட்ல அவன் பேரு கீது. நீ அவன் பேர்ல எறங்கு. யாரும் ஆதார் பாக்கல. கேட்டாலும் உனுக்கும் குமார்தான, அவனுக்கும் குமார்தான.”

வசந்த் அந்த ஜெர்சியைப் பார்த்தான். பத்தாம் நம்பர். அதைப் போட வேண்டுமென்று பதினைந்து நாள் மனசுக்குள் போட்டுப் பார்த்திருந்தான்.

“என் பேர்ல எறக்கு. மைக்ல சொல்லச் சொல்லு. வசந்த்குமார், நாவலம்பாக்கம் காலனின்னு சொல்லட்டும். இப்பவே வரேன், மூணு கோல் இன்னா, நாலு போடறேன்.”

“லிஸ்ட் மூடிட்டாங்க மச்சான். இந்த நேரத்துல பேரு எப்டி…”

“திருட்டுத்தனமா என் கால எறக்கலாம், நேரா என் பேர எறக்கக் கூடாதா?”

பஞ்சாட்சரமே மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. “இன்னாப்பா, சமயத்துல பிகு பண்ற? உன் பேரா முக்கியம்? ஊர் பேரு போவுதில்ல?”

காலனியில் எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வசந்த் எழுந்து நின்றான்.

“எந்த ஊரு பேரு சார்? பேனர்ல போட்டீங்களே, அந்த ஊரா? அதுல நான் இல்லயே.”

‘சார்’ என்ற சொல் அவர் முகத்தில் அறைந்ததுபோல் விழுந்தது. ஷாரோன் ஜெர்சியை வாங்கி, நான்காக மடித்து, அரவிந்தன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “எடுத்துக்கினு போங்கண்ணா. நேரமாவுது உங்களுக்கு.”

இரண்டாம் பாதி தொடங்கியபோது மூசோண்டாவை எடுத்துவிட்டார்கள். அவன் ஊர்ப் பக்கத்து நாற்காலிகளுக்குப் போகவில்லை. மைதானத்தின் ஓரமாக நடந்து வந்து வேப்பமரத்தடியில் வசந்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷாரோன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஆட்டம் ஆறுக்கு பூஜ்யத்தில் முடிந்தது.

ஊர் வேன் அவனை விட்டுவிட்டே கிளம்பிப் போயிற்று. வசந்த் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு அழைத்துப்போனான். செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் மூசோண்டா தன் ஃபோனில் பேனர் படத்தைக் காட்டினான்.

“அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யாருடா இவன், உன் மாதிரியே இருக்கிறான் என்று கேட்டாள்.”

“உன் முகத்தையாவது போட்டார்கள்” என்றான் வசந்த்.

“அது என் முகம் இல்லை நண்பா. யாரையோ நினைத்துக்கொண்டு என் படத்தை ஒட்டினார்கள். அந்த யாரோ வராததற்கு இன்றைக்கு என்னை ஏசினார்கள்.” பஸ் வந்தது. ஏறும்முன், “அந்த ஓசை என்னவென்று எனக்குத் தெரியும். உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் எழுப்புகிறார்கள்” என்றான். ஜன்னலில் கை காட்டினான். வசந்த் பஸ் திரும்பும்வரை நின்றான். அந்த ஊர் தன் ஊரும்தான் என்பது அவனுக்கு அவமானமாக இருந்தது.

தோற்றது யாரால் என்பது மறுநாளே முடிவாகிவிட்டது. காலனிக்காரனுங்களால். “ஊரு தோக்கும்போது கையக் கட்டிக்கினு உக்காந்து பாத்தவனுங்க” என்று தெருவில் பேச்சு. மூன்றாம் நாள், நிலத்துக்கு இனி வர வேண்டாம் என்று இருசப்பனிடம் ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான்காம் நாள் ஏரிப் புறம்போக்கில் ஜே.சி.பி. இறங்கியது. மரக்கன்று நடப்போகிறார்களாம். சரியாக இரண்டு கோல் கம்பங்களுக்கு முன்னாலும் ஆளுயரக் குழி வெட்டிவிட்டுப் போனார்கள். கன்று எதுவும் வரவில்லை.

இருசப்பன் மகனோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, “நாலு கோலு போட்டுட்டு வந்திருக்கலாமேடா. எந்தப் பேர்ல போட்டா இன்னா, காலு உன்து தான?” என்றார்.

“நீ முப்பது வருஷம் அவங்க நெலத்துல அப்டித்தான் நைனா ஆடுன” என்றான் வசந்த். சொன்ன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போனான். இருசப்பன் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாலவாக்கத்தில் ஒரு கொத்தனாரோடு சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் விடிவெள்ளி ஆட்கள் இரண்டு மனு கொடுத்தார்கள். குழிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று. பதிவு எண் கிடைத்தது. குழி அப்படியே இருந்தது. ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. தை பிறந்ததும் விடிவெள்ளி ஆட்களே ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டி எடுத்துப்போய் நாலு வாரத்தில் அதை மூடினார்கள்.

அடுத்த வருஷப் போட்டிக்கு விண்ணப்பம் திறக்கும் நாளை ஷாரோன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்று காலை ஒன்பது மணிக்கு மாடி அறைப் பூட்டைத் திறக்க வந்த முனிரத்தினம், படியில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்சாதியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

“ரூல மாத்திட்டோம்பா. இப்ப ஊராட்சிக்கு ரெண்டு டீம் வரலாம்” என்றார் அவர். விண்ணப்பத்தை வாங்கி, ‘நாவலம்பாக்கம்’ என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ஒரு ‘ஆ’ போடப் போனார்.

“அது இன்னாத்துக்கு சார்?” என்றாள் ஷாரோன்.

“ஆ அணிம்மா. ஊர் டீம் அ அணி.”

“ஊர் டீம் விண்ணப்பம் எங்க சார்?”

“இன்னும் வரல. வந்துரும்.”

“வரட்டும். மொதல்ல வந்தது நாங்க. எங்களுக்கு எழுத்தே வேணாம். எங்க ஊரு பேரு நாவலம்பாக்கம், அவ்ளோதான். எழுத்து வேணும்னா பின்னாடி வரவங்களுக்குப் போடுங்க.”

முனிரத்தினம் வசந்தைப் பார்த்தார். வசந்த் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரசீது கையில் வராமல் எழுந்திருக்கும் உத்தேசம் அவனுக்கு இல்லை என்பது தெரிந்தது. பதினொரு மணிக்கு ரசீது வந்தது. எழுத்து இல்லாமல்.

ஊர்த் தெருவிலிருந்து விண்ணப்பம் வரவேயில்லை. கால்பந்தில் அடிபடும், பிள்ளைகள் படிப்பு கெடும் என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டுக்கே திரும்பிவிட்டார்கள். தங்களுக்கு மட்டும் என்று இல்லாத ஆட்டம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

விடிவெள்ளி ஆட்கள் நாவலம்பாக்கம் என்ற பேரில் ஆடினார்கள். முதல் ஆட்டம் நாலுக்கு ஒன்று ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். ஊரிலிருந்து ஒருவரும் பார்க்க வரவில்லை. பேனர் கிடையாது. நிறுத்தத்து டீக்கடையில், “காலனிப் பசங்க ஜெயிச்சுட்டாங்களாம்” என்று ஒரு பேச்சு, அத்தோடு சரி. கால் இறுதியில் சமநிலை, பெனால்டி. கடைசி உதை வசந்துடையது. கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. மைதானத்திலேயே மண்டியிட்டு அழுதான்.

மறுநாள் காலை வசந்த் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது வேதகிரியின் டீக்கடை பெஞ்சில் பஞ்சாட்சரம் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரவிந்தன். இன்னும் ஏழெட்டுப் பேர். வசந்த் ஒரு டீ சொன்னான்.

பஞ்சாட்சரம் பேப்பரை மடித்தார். “இன்னாடா, கடைசில இப்டி பண்ணிட்ட? சுத்துப்பட்டு ஊரெல்லாம் நம்பளப் பாத்துச் சிரிக்கறான். நாவலம்பாக்கத்து மானத்த வாங்கிட்டீங்களேடா!”

வசந்த் டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே பெஞ்சில் வைத்தான். அரவிந்தன் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“போன வருஷம் பதினாறு மூஞ்சி போட்டீங்க சார். அன்னிக்கு நாங்க ஊர் இல்ல. இந்த வருஷம் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சோம். அன்னிக்கும் நாங்க காலனிப் பசங்கதான், இதே பெஞ்சுல பேசிக்கினு இருந்தீங்க. நேத்து சாயங்காலம் தோத்தோம். தோத்த ஒடனே நாங்க எப்டி சார் நாவலம்பாக்கம் ஆனோம்? எத்தினி மணிக்கு எங்கள ஊர்ல சேத்தீங்க? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.”

பஞ்சாட்சரம் வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி பாய்லரைப் பார்த்தான்.

“கேக்கறேன் இல்ல சார். சொல்லுங்க.”

அவன் நகரவில்லை. காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று போனது. பெஞ்சிலிருந்து இரண்டு பேர் அதில் ஏறிக்கொண்டார்கள். டீயின் மேல் ஆடை படிந்தது. சாலவாக்கம் டவுன் பஸ்ஸும் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வசந்த் அதே இடத்தில் நின்றான். கடைசியில் பஞ்சாட்சரம்தான் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேட்டியைத் தட்டியபடி எழுந்து போனார்.